மூன்றாம் வகுப்புக்கு ஒரு மேடை
(ஆரணியில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரணியில் நின்றுகொண்டு ரயிலைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இந்த ஊருக்கு ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அது இருப்பதோ களம்பூரில். வெளியூர்க்காரர் பெயரை நம்பி அங்கே இறங்கிவிட்டு, "ஊர் எங்கே?" என்று கேட்பது வழக்கமான வேடிக்கை. திண்டிவனத்திலிருந்து செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக நகரிக்குப் பாதை வரப்போகிறது என்று கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. அந்தக் குறையைப் பேச நான் வரவில்லை. வந்த ரயிலைப் பற்றி, அதிலும் என்ஜினை விட்டுவிட்டு, அதன் பின்னால் வந்த பெட்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1890களின் தொடக்கத்தில் போட்டது. மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர். நூறு வருஷத்துக்கு மேல் அதில் வண்டி ஓடியது. அப்புறம் பாதையைப் பெயர்த்து அகலப்பாதை ஆக்கினார்கள். 2010-ஐ ஒட்டிப் புது வண்டிகள் வந்தன. நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு மீட்டர் பாதைக்குச் செய்த பெட்டி 1676 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது. ஒவ்வொரு பாதையாக அகலமாக, அந்தப் பெட்டிகளுக்கு ஓட இடம் குறைந்துகொண்டே வந்தது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் மீட்டர் கேஜில்தான் தொடங்கியது. அதுவும் 2004-இல் நின்றது. நம் அப்பா, தாத்தா உட்கார்ந்து போன மரப் பலகைகள், மேலே மூட்டை வைத்த பரண், கதவோரம் தொங்கிய சங்கிலி, எல்லாம் சேர்ந்து பழைய இரும்பு விலைக்குப் போயின.

இதைக் கேட்டதும், "அதுதான் ரயில் மியூசியம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. டெல்லியில் சாணக்கியபுரியில் 1977-இல் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே எந்தப் பெட்டிகளின் முன்னால் கூட்டம் நிற்கிறது என்று பாருங்கள். 1875-இல் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தபோது அவருக்காகச் செய்த சலூன். பரோடா கெய்க்வாடின் 1886-ஆம் வருஷத்துச் சலூன். 1889-ஆம் வருஷத்து வைஸ்ராயின் உணவுப் பெட்டி. 1899-இல் செய்த மைசூர் மகாராஜாவின் சலூன்: நன்றாகக் காய்ந்த தேக்கு, தந்தமும் தங்கமும் இழைத்த வேலைப்பாடு, ஜரிகைப் பட்டு போர்த்திய நாற்காலிகள். மகாராணியின் சலூனைப் பார்க்க வேண்டுமானால் மைசூர் ரயில் மியூசியத்துக்குப் போகவேண்டும். அது 1979-இல் வந்தது.

மைசூர் மகாராஜாவின் நாற்காலியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள், "என்ன அழகு!" என்கிறார்கள். அந்தப் பட்டை எந்த ஊர்த் தறியில் நெய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பட்டு நெய்கிற ஆரணிக்காரர் கேட்பார் என்று நினைக்கிறேன்.

அந்த 1875-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே வருஷம் ஜனவரி முதல் தேதி இங்கிலாந்தில் மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி தன் வண்டிகளில் இரண்டாம் வகுப்பை எடுத்துவிட்டது. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு இரண்டு மட்டும். கூடவே, மூன்றாம் வகுப்பு இருக்கைக்கு மெத்தை போடத் தொடங்கியது. மற்ற கம்பெனி முதலாளிகள் கொதித்துப்போனார்கள். கூலிக்காரனுக்கு மெத்தை போட்டால் மேல்வகுப்பு டிக்கெட்டை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. ஆனால் கூட்டம் மிட்லண்ட் பக்கம் போயிற்று, மற்றவர்களும் பின்னாலேயே வர வேண்டியதாயிற்று. அங்கே நெசவாலைத் தொழிலாளிக்கு மெத்தை வந்த வருஷத்தில், இங்கே அவர்களுடைய இளவரசருக்குச் சலூன் வந்தது. நம் மூன்றாம் வகுப்புக்கு மரப் பலகை இன்னும் நூறு வருஷம் கிடந்தது.

மூன்றாம் வகுப்பு என்றால் என்ன என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1917-இல் காந்தி அதைப் பற்றித் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பயணத்தை அதில் விவரிக்கிறார். 22 பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்த பெட்டியில் பெரும்பகுதி வழியும் 35 பேருக்குக் குறையவில்லை. சிலர் தரையிலே, சிலர் நின்றபடியே. கழிவறை, குப்பை, வழியில் விற்ற தேநீர், எல்லாவற்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். நாலு வருஷம் கழித்து, 1921 செப்டம்பரில், சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிறார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அந்நியத் துணி உடுத்தியிருக்கிறார்கள். கதர் கட்டுங்கள் என்கிறார். தலையை ஆட்டி மறுக்கிறார்கள்: கதர் விலை அதிகம், ஏழை எப்படி வாங்குவான்? அந்தப் பதில் அவரை உறுத்தியது. மதுரையில் சட்டையையும் நீள வேட்டியையும் கழற்றி, முழங்கால் வரை ஒரு துண்டோடு வெளியே வந்தார். துணிக்கும் ரயில் பெட்டிக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பெட்டியைப் பார்க்க இன்றைக்கு ஒரு பள்ளிப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது? இளவரசரின் சலூனைக் காட்டி, "இதற்கு நேர் எதிராக ஒன்றைக் கற்பனை செய்துகொள்" என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

டெல்லி மியூசியத்தில் மூன்றாம் வகுப்பின் குரலாக இருப்பது ஒரு கடிதம். 1909-இல் வங்காளத்தில் ஒரு பயணி பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வண்டியேறினார். வயிறு சும்மா இருக்குமா? அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கினார். கார்டு காத்திருக்காமல் விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் வேட்டியுமாக ஓடிவந்து, பிளாட்பாரத்தில் எல்லார் முன்னிலையிலும் விழுந்தார். அந்தக் கோபத்தில் அரைகுறை இங்கிலீஷில் அவர் ரயில்வேக்கு எழுதிய புகார் அங்கே காட்சிக்கு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கீழ் வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிவறை வந்தது என்று சொல்வார்கள். எல்லாரும் படித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே வருஷங்களில் வைஸ்ராய்க்குச் சாப்பிடுவதற்கே தனிப் பெட்டி இருந்தது. அவர் மேஜையில் கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக வைத்தபடி.

சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். விஷயம் அங்கேதான் கனமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் ரயிலில் சாப்பாடு பரிமாறவில்லை. இங்கிலாந்தில் வண்டி ஸ்விண்டன் போன்ற ஒரு பெரிய ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நிற்கும். அத்தனை பேரும் ஓடிப்போய்ச் சூப்பை வாயில் ஊற்றிக்கொண்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு திரும்ப ஓடிவர வேண்டும். 1879 நவம்பரில் லண்டனுக்கும் லீட்ஸுக்கும் இடையே அந்நாட்டின் முதல் உணவுப் பெட்டி ஓடியது. வண்டிக்குள்ளேயே அடுப்பு, வண்டிக்குள்ளேயே மேஜை. ஆனால் ஒரு சங்கடம். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு நடுவே நடைவழி கிடையாது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போக முடியாது. நம் நாட்டில் இந்த நிலைமை சுதந்திரத்துக்குப் பிறகும் பல வண்டிகளில் நீடித்தது. பசித்தால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, உணவுப் பெட்டியில் ஏறி, சாப்பிட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, பிறகு இறங்கித் தன் பெட்டிக்கு வரவேண்டும். அதுவும் மேல் வகுப்புக்காரருக்கு. தென்னாட்டு ரயில்களில் இந்தச் சாப்பாட்டு வியாபாரத்தைச் சென்னை மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கம்பெனி நடத்தியது. ஸ்டேஷன் உணவறைகளும் அதன் கையில் இருந்தன.

மூன்றாம் வகுப்புக்காரர் கட்டுச்சோறு கொண்டுவந்தார். அது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. யார் சமைத்தது, யார் தொட்டது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விகள் ரயிலோடு சேர்ந்து டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தன. வடக்கே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் 'ஹிந்து தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று தனித்தனிப் பானைகள். இங்கே தென்னிந்திய ரயில்வேயின் சைவ உணவறைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம், நடுவே தடுப்பு, மேலே பலகை. கட்டணம் ஒன்றேதான். ஒரே வண்டியில், ஒரே பலகையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்த இருவர், விழுப்புரத்தில் இறங்கி இட்லி தின்னும்போது மட்டும் வேறு வேறு வாசலில் நுழைய வேண்டும். ரயில் கம்பெனி லண்டனில் பதிவான வெள்ளைக்காரக் கம்பெனி. ஆனால் பலகை எழுதும்போது உள்ளூர் வழக்கத்தை ஒரு எழுத்தும் பிசகாமல் காப்பாற்றியது.

பெரியார் இதை விடவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ரயிலில் தனி இடம் எதற்கு என்று பத்திரிகையிலும் மேடையிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். நீதிக்கட்சித் தலைவரானபின் அந்தக் குரல் இன்னும் ஓங்கியது. 1941-இல் ரயில் உணவறைகளில் அந்தப் பாகுபாடு எடுக்கப்பட்டது. சட்டம் எதுவும் போடவில்லை. ரயில்வே ஓர் உத்தரவு போட்டது, தடுப்பு போயிற்று. கோயில் நுழைவைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இந்த இட்லிக் கடை நுழைவைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. அன்றாடம் ஆயிரக்கணக்கானவர்கள் அனுபவித்த மாற்றம் இது.

அதன்பின் உணவுப் பெட்டிக்கு வேறு விதமாக அழிவு வந்தது. கணக்கு எளிது. எழுபது, எண்பது பேர் டிக்கெட் வாங்கி உட்காரக்கூடிய இடத்தில் மேஜை போட்டு முப்பது பேருக்குச் சோறு போட்டால் ரயில்வேக்கு நஷ்டம். ஆகவே மேஜை போயிற்று, அடுப்பு மட்டும் தங்கியது. அதுதான் இன்றைய பேண்ட்ரி கார். சாப்பாடு உங்கள் இருக்கைக்கு வரும். நீங்கள் எழுந்து போய் எதிரே ஒரு முகம் பார்த்துச் சாப்பிட முடியாது. விதிவிலக்காக இன்னும் மேஜையில் பரிமாறுகிற வண்டி ஒன்று உண்டு: பம்பாய்–புனே டெக்கான் குயின், 1930 ஜூன் முதல் தேதி தொடங்கியது. அதில் காலையில் ஆம்லெட்டும் சீஸ் டோஸ்டும் தின்பதற்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் அந்த வண்டிக்குப் புதிய பெட்டிகள் கொடுத்தபோதும் உணவுப் பெட்டியை எடுக்கத் துணியவில்லை. 40 பேர் உட்காரும் புது உணவுப் பெட்டியைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்து அனுப்பினார்கள். மராட்டியர் சாப்பிடும் மேஜையைத் தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்து கொடுத்திருக்கிறார். நம் வண்டிகளில் ஒன்றிலும் அது இல்லை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு வேடிக்கை. 2020-இல் அசன்சோல் ஸ்டேஷனில் பழைய பெட்டியொன்றை ஓட்டல் ஆக்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே ஏசி, வண்ண விளக்கு, நூடுல்ஸ். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நாட்டில், ஓடாத வண்டியில் உட்கார்ந்து சாப்பிடக் காசு கொடுக்கிறோம்! பெட்டி உடைபடாமல் தப்பிக்கிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் உள்ளே பழைய பலகை ஒன்றுகூட இல்லாதபோது தப்பித்தது என்ன என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம்.

அங்கேயும் பழைய பெட்டிகளுக்கு நல்ல சாவு கிடைக்கவில்லை. மரப் பெட்டிகளைத் தீவைத்துக் கொளுத்தி, மிஞ்சிய இரும்பைப் பொறுக்கி விற்றார்கள். 1963-இல் பீச்சிங் என்ற ரயில்வே தலைவர் கொடுத்த அறிக்கையின்படி ஆயிரக்கணக்கான மைல் கிளைப் பாதைகளை மூடினார்கள். ஆனால் அதற்கு முன்பே வேல்ஸில் ஒரு காரியம் நடந்திருந்தது. டாலிலின் என்ற ஒரு சிறு குறும்பாதை, கல் சுமக்கும் வண்டி. உரிமையாளர் இறந்ததும் மூடிவிடும் நிலை. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் 1950-இல் பர்மிங்காமில் ஒரு கூட்டம் கூட்டினார். சம்பளம் இல்லாமல் நாமே ஓட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1951 மே மாதம் வண்டி கிளம்பியது. உலகத்திலேயே ஆர்வலர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில் அதுதான். 1960-இல் சஸ்ஸெக்ஸில் புளூபெல் பாதை, 1968-இல் யார்க்ஷயரில் கீத்லி–வொர்த் பள்ளத்தாக்குப் பாதை, 1970-இல் செவர்ன் பள்ளத்தாக்கு என்று வரிசையாக வந்தன.

எல்லாரும் முதலில் காதலித்தது என்ஜினைத்தான். புகை விடுகிறது, கூவுகிறது, ஆணாகப் பிறந்த எவனுக்கும் அது மயக்கம். பெட்டிகள் மழையில் நனைந்து கிடந்தன. அந்த மயக்கம் இங்கேயும் குறையவில்லை. 1855-ஆம் வருஷத்து ஒரு நீராவி என்ஜினை 2010-இல் பெரம்பூர் லோகோ பட்டறை உயிர்ப்பித்து ஓட்டிக் காட்டியபோது, எல்லாக் கேமராவும் புகைபோக்கியின் மேல்தான் இருந்தது. பின்னால் மாட்டியிருந்த பெட்டியை யார் பார்த்தார்கள்?

இங்கிலாந்தில் சிலர் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வைட் தீவின் கதை. அந்தத் தீவுக்குப் பெரும்பாலும் புதுப் பெட்டி அனுப்பமாட்டார்கள்; பெருநிலத்தில் தேய்ந்துபோனதைத்தான் அனுப்புவார்கள். அங்கேயும் தேய்ந்தபின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மேற்கூட்டை மட்டும் விற்றுவிடுவார்கள். வாங்கியவர்கள் அதைக் கடற்கரையில் கோடை வீடாக்கினார்கள், தோட்டத்தில் கொட்டகையாக்கினார்கள், கோழி அடைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, ஹேவன்ஸ்ட்ரீட்டில் இருக்கும் நீராவி ரயில்காரர்கள் அந்த வீடுகளைத் தேடிப் போனார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தை உரித்தால் உள்ளே தேக்குப் பலகை. சமையலறை அலமாரிக்குப் பின்னால் மூன்றாம் வகுப்பு என்று எழுதிய கதவு. அந்தக் கூட்டைக் கழற்றி எடுத்துவந்து, பிற்காலத்துச் சரக்குப் பெட்டிகளின் அடிச்சட்டத்தை அளவுக்கு வெட்டி, அதன்மேல் உட்காரவைத்து ஓட்டுகிறார்கள். விக்டோரியா காலத்துப் பெட்டியில் இன்றைக்கும் டிக்கெட் வாங்கி ஏற முடியும். அதுவும் மூன்றாம் வகுப்பில்!

யார்க்ஷயரில் இங்ரோ என்ற ஊரில் பெட்டிகளுக்கென்றே ஓர் அறக்கட்டளை மியூசியம் வைத்திருக்கிறது. அதன் பெட்டிகள் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் வாடகைக்குப் போகும். அந்த வருமானத்தில் அடுத்த பெட்டிக்கு வார்னிஷ். செவர்ன் பாதையிலும் வட யார்க்ஷயர் பாதையிலும் தேக்கு உடம்புப் பெட்டிகளைத் தொடராகக் கோத்து ஓட்டுகிறார்கள். அந்தத் தேக்குக்குப் பெயிண்ட் கிடையாது. வார்னிஷ் மட்டும், கோட் மேல் கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் தேய்த்து. பர்மாக் காட்டு மரம் அது. அதை வெட்டிய கூலியைப் பற்றி அந்தப் பாதைகளில் அவ்வளவாகப் பேசமாட்டார்கள். நமக்கும் ரங்கூனுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தவர்கள் பேசலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு சாப்பாட்டிலிருந்து. புளூபெல்லில் 'கோல்டன் ஏரோ' என்று ஓர் உணவு வண்டி. புல்மன் என்ற சொகுசுப் பெட்டிகள், மேஜை விளக்கு, வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மெதுவாகப் போய்த் திரும்பும். மாதக் கணக்கில் முன்பதிவு. உணவுப் பெட்டி நஷ்டம் என்று நம் ரயில்வே எந்தக் கணக்கால் முடிவு செய்ததோ, அதே கணக்கு அங்கே தலைகீழாகிவிட்டது. அவசரமில்லாத வண்டிக்குச் சாப்பாடும் ஒரு வருமானம்.

உங்கள் நெசவுத் தொழிலோடு நேராகத் தொடர்புள்ள விஷயம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அந்த இருக்கைகளின் துணி. அதற்கு மோக்கெட் என்று பெயர். கம்பளி நூலில் வெல்வெட் மாதிரி மயிர் எழும்ப நெய்தது. பாவுக்குக் குறுக்கே ஊடையோடு மெல்லிய கம்பியும் நுழைத்து, அதன்மேல் நூலை வளைத்து எடுத்து, பிறகு கம்பியை உருவுவார்கள்; கம்பியின் நுனியில் கத்தி இருந்தால் வளையம் அறுபட்டு மயிராகும், இல்லாவிட்டால் வளையமாகவே நிற்கும். இரண்டையும் கலந்தால் ஒரே நிறத்திலேயே டிசைன் தெரியும். டிசைனைத் தேர்ந்தெடுப்பது ஜக்கார்டு. ஆம், நம் தறிக்கு மேலே பெட்டியும் அட்டையுமாக உட்கார்ந்திருக்கிறதே, அதே ஜக்கார்டு. யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட் ஊர்கள் இந்தத் துணிக்குப் பேர்போனவை. லண்டன் பாதாள ரயிலின் இருக்கைத் துணி அங்கே நெய்ததுதான்.

ஒரு பழைய பெட்டியைச் சீர்செய்கிறவர்கள் இருக்கையைப் பிரிக்கும்போது, ஓரத்தில் ஆணிக்கு அடியில் வெளிச்சம் படாமல் ஒரு விரற்கடைத் துணி கிடைக்கும். அசல் நிறம் அதில்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு டிசைனைத் திரும்ப வரைந்து, அட்டை அடித்து, நெய்யச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்கு வேண்டிய துணிக்காகப் புதுப் பாவு போட்டு அட்டை அடிப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒற்றை முகூர்த்தப் புடவைக்குப் புது டிசைன் கேட்டு வருகிறவரிடம் நீங்கள் சொல்லும் பதில்தான் அங்கேயும். பழம்பெட்டியைக் காப்பாற்றுவது தச்சரும் நெசவாளியும் மெத்தை தைக்கிறவரும் சேர்ந்து செய்யும் வேலை. கொட்டகையும் டிக்கெட் கவுன்ட்டரும் அதற்குப் பிறகு. ஓட்டாமல் விட்ட தறியில் எலி புகுந்து விழுதைக் கடித்துவிடுவதுபோல, ஓடாத பெட்டிக்கும் கேடு உள்ளிருந்துதான் வரும். தண்ணீர் இறங்கும், மூட்டு பிரியும், ஒரு நாள் தொட்டால் உதிரும்.

நம்மிடம் ஓடுகிற பழம்பாதை இல்லாமல் இல்லை. நீலகிரி மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல், உதகை வரை 1908-இல். மொத்தம் 46 கிலோமீட்டர். செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். அதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம். ஏறும்போது என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார், கையால் பிரேக் பிடிக்க. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியில் கேத்தி ஸ்டேஷனில் அந்த வண்டி கிளம்பும்போது அழாத தமிழர் குறைவு. ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது பாதை. அதில் ஓடிய பழைய மரப் பெட்டிகள் வயதாகி ஒதுங்க, ஐ.சி.எஃப்.பில் செய்த புதியவை வந்துகொண்டிருக்கின்றன. ராஜஸ்தானின் 'பேலஸ் ஆன் வீல்ஸ்' வண்டியும் இதே வழியில் போனதுதான். 1982-இல் தொடங்கியபோது அதில் அசல் ராஜாக்களின் சலூன்களை மாட்டியிருந்தார்கள். பத்து வருஷத்துக்குள் புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. பாதுகாப்பு முக்கியம், மறுக்கவில்லை. மரப் பெட்டி மோதினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நொறுங்கும். அதனால்தான் 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு பெரம்பூரில் ஐ.சி.எஃப்.பைத் திறந்துவைத்தார், சுவிஸ் கம்பெனியின் உதவியோடு, உடம்பே சட்டமாக நின்று பாரம் தாங்கும் முழு எஃகுப் பெட்டி செய்ய. அங்கே முதலில் வெளிவந்தவை மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் என்பதைக் கவனியுங்கள். சுதந்திர இந்தியா கை வைத்த முதல் இடம் அது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே எடுபட்டது. 2018 ஜனவரியில் அந்தப் பழைய மாதிரிப் பெட்டியின் கடைசி ஒன்று வெளியே வந்ததும் பெரம்பூர் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது.

அப்படியானால் இன்றைக்கு நாம் சாதாரணமாக ஏறுகிற நீலப் பெட்டியும் பழம்பொருள் ஆகப்போகிறது. இன்னும் கொஞ்ச காலம் ஆயிரக்கணக்கில் ஓடும், அப்புறம் ஒரேயடியாகக் காணாமல் போகும். மீட்டர் கேஜ் பெட்டி போனதும் இப்படித்தான். ஆயிரக்கணக்கில் இருக்கும்போது யாரும் ஒன்றை எடுத்துவைக்க நினைப்பதில்லை.

பெரம்பூரில் 2002-இல் திறந்த ரயில் மியூசியமும், திருச்சியில் 2014-இல் வந்த பாரம்பரிய மையமும் நம்மிடம் இருக்கின்றன. பொன்மலைப் பட்டறையில் நீலகிரி என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கே ரயில் அரசாங்கத்தினுடையது. இங்கிலாந்து மாதிரி நாலு பேர் சங்கம் வைத்து வண்டி ஓட்ட முடியாது. ஆனால் கேட்கலாம். ஒரு மீட்டர் கேஜ் மூன்றாம் வகுப்புப் பெட்டி, வெயில் மழை படாத கூரைக்குக் கீழே, உள்ளே ஏறி உட்காரும்படி. பக்கத்தில் பழைய சைவ உணவறை ஒன்று, மேஜை, பெஞ்சு, பித்தளை டம்ளரோடு.

அந்த உணவறையைப் பற்றி எனக்கும் என் நண்பர்களுக்கும் ஒரு சண்டை உண்டு. அதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் சொல்கிறார்கள்: காப்பி மணம், வாழையிலை, பழைய விலைப்பட்டியல் போதும், வருகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும், இங்கிலாந்தில் அப்படித்தானே செய்கிறார்கள், மேஜை விளக்கையும் வெள்ளைத் துணியையும் காட்டுகிறார்களே தவிர யாரை அந்தப் பெட்டியில் ஏற்றவில்லை என்பதைக் காட்டுவதில்லை. நான் சொல்கிறேன்: 1941-க்கு முந்திய உணவறை என்றால் நடுவே தடுப்பையும் எழுப்புங்கள், இரண்டு வாசலிலும் இரண்டு பலகையை மாட்டுங்கள். பள்ளிப் பிள்ளை எந்த வாசலில் நுழைவது என்று வாத்தியாரைக் கேட்கட்டும். வாத்தியார் திணறட்டும். மானம் போகிறது, பழைய புண்ணைக் கிளறுகிறது, இன்றைக்குப் பலகை எழுதினால் நாளைக்கு வம்பு வரும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் கட்சியை நான் விடுவதாக இல்லை. மேடையில் இருப்பவனே பேசிக்கொண்டிருந்தால் எதிர்க்கட்சி பேச முடியாது. முன்வரிசையில் இரண்டு பேர் ஏற்கனவே கை தூக்கிவிட்டார்கள். மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.